குடில் பறவையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பெண் பறவையைக் கவனியுங்கள்

தரையில் குச்சிகளை நட்டு, அவற்றுக்கு முன்னால் நீலப் பொருள்களாகப் பொறுக்கிப் பரப்பி வைத்திருக்கும் ஒரு கருநீலப் பறவையின் படம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். பாட்டில் மூடி, ஸ்ட்ரா, துணி கிளிப், பேனா மூடி, கிளியின் வால் இறகு என்று கிட்டத்தட்ட எல்லாமே நீலம். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழும் சாட்டின் பவர்பேர்ட் அது. குடில் பறவைகள் (ஆங்கிலத்தில் பவர்பேர்ட்) என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் மட்டும் இந்தக் குடும்பத்தில் 20 இனங்களுக்கு மேல் உண்டு.

பார்க்கப் போகிறவர்களில் பலர் நீலக் குவியலைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். இத்தனை ஏற்பாடும் ஒரு பெண் பறவை வந்து சில நிமிடம் நின்று பார்ப்பதற்காக நடப்பது. அது எங்கே நிற்கிறது, எதைக் கொத்திப் பார்க்கிறது, எந்த நொடியில் மிரண்டு பறந்துவிடுகிறது என்று கவனிக்கத் தெரிந்தால், ஆணின் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் புரிய ஆரம்பிக்கும். சிட்னி, பிரிஸ்பேன், கான்பரா பக்கம் குடியேறிய நம்மவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் பெற்றோருக்கும் இது ஒரு நாள் பயணத்தில் எட்டக்கூடிய காட்சி. முதன்முறை போகிறவர்களை மனதில் வைத்து, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. குடில் கூடு அல்ல

புறப்படும் முன் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தூக்கணாங்குருவியில் ஆண் பாதி கட்டிய கூட்டைப் பெண் வந்து சோதிக்கும். பிடித்தால் அதே கூட்டில் முட்டையிடும். குடில் பறவையின் கதை வேறு. குடிலில் முட்டை இல்லை, குஞ்சு இல்லை. இணைசேரும் இடம் மட்டும்தான் அது. பெண் தனியாக வேறொரு மரத்தில் கூடு கட்டி, தானே அடைகாத்து, தானே இரை ஊட்டி வளர்க்கும். ஆணிடமிருந்து அதற்குக் கிடைப்பது விந்து மட்டும். உணவும் இல்லை, காவலும் இல்லை. அதனால்தான் எந்த ஆண் என்று தேர்வு செய்வதில் பெண் இவ்வளவு நேரம் செலவழிக்கிறது.

சாட்டின் பவர்பேர்டின் குடில் எளிய அமைப்பு. குச்சிகளைப் பரப்பிய ஒரு தளம், அதில் நெருக்கமாக நட்ட இரண்டு குச்சிச் சுவர்கள், நடுவே ஒரு பறவை நிற்கும் அளவுக்குச் சந்து. சுவர்கள் சுமார் 30 சென்டிமீட்டர் உயரம், மேலே லேசாக உள்நோக்கி வளைந்திருக்கும். சந்து பெரும்பாலும் வடக்கு தெற்காக அமையும். அலங்காரப் பொருள்கள் ஒரு முனையில், பெரும்பாலும் வடக்கு முனையில், பரப்பப்பட்டிருக்கும். பெண் சந்துக்குள் நிற்கும், ஆண் வெளியே அலங்காரம் பரப்பிய அந்த இடத்தையே மேடையாக்கி ஆடும்.

2. காலமும் இடமும்

அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் போங்கள். அங்கே அது வசந்தமும் கோடைத் தொடக்கமும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்துகொண்டிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆண்கள் குடிலைச் செப்பனிட ஆரம்பித்துவிடும். கட்டும் வேலையைப் பார்க்க ஆசை என்றால் அப்போதும் போகலாம். பெண்கள் வந்து போவதைப் பார்க்க நவம்பரை ஒட்டிய வாரங்கள்தான் சரி.

இடங்களில் குயின்ஸ்லாந்தின் லாமிங்டன் தேசியப் பூங்காவுக்கு என் முதல் ஓட்டு. அங்கே ஓ'ரெய்லிஸ் என்ற விடுதியின் பக்கம் பறவைகள் மனிதர்களுக்குப் பழகியவை, அதிகம் மிரளாது. சிட்னிக்காரர்களுக்கு ராயல் தேசியப் பூங்காவும் நீலமலை (புளூ மவுன்டன்ஸ்) பகுதியும் இருக்கின்றன. கான்பராவில் ஆஸ்திரேலியத் தேசியத் தாவரவியல் பூங்காவிலேயே இவை உண்டு. வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போக அதுவே வசதி.

3. குடிலைக் கண்டுபிடிப்பது

குடில் தரையில் இருக்கும். மரத்தில் தேடிக் கழுத்தை வலிக்க வைத்துக்கொள்ள வேண்டாம். காட்டின் ஓரம், புதர்களின் கீழ், வெயில் சற்று விழும் இடம், மேலே தாழ்ந்த கிளைகள் மறைக்கும் இடம்: இப்படித்தான் அமையும். வளர்ந்த ஆண் ஒரே இடத்தைப் பல ஆண்டுகள் விடாமல் பயன்படுத்தும் என்பதால், பூங்கா அலுவலகத்தில் கேட்டாலே பல நேரம் வழி சொல்லிவிடுவார்கள். அதுதான் குறுக்கு வழி, தயங்காமல் கேளுங்கள்.

கேட்க ஆளில்லை என்றால் காதை நம்புங்கள். பழைய ரேடியோவின் இரைச்சல் போல இழுத்து இழுத்து வரும் ஒரு சத்தம், இடையில் ஒரு சீட்டி. அதோடு கூக்கபரா என்ற மீன்கொத்தியின் சிரிப்பும் வேறு பறவைகளின் குரலும் ஒரே புதரிலிருந்து கலந்து வந்தால் அநேகமாக இந்த ஆண்தான். மற்றப் பறவைகளைப் போலக் குரல் கொடுப்பதில் இவன் கெட்டிக்காரன். சத்தம் வந்த பக்கம் மெதுவாக நடந்து, தரையில் நீலம் எங்கேயாவது பளிச்சிடுகிறதா என்று பாருங்கள்.

குடிலைப் பார்த்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். பத்து மீட்டருக்குக் குறையாத தூரத்தில், சந்தின் ஒரு முனை கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் இடம் பாருங்கள். பைனாகுலர் அவசியம். முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள். அந்தக் காடுகளில் அட்டையும் உண்ணியும் உண்டு. உண்ணியை அலட்சியப்படுத்தக் கூடாது, திரும்பியதும் உடம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆணுக்குப் பரிசு தருவதாக நினைத்து நீலப் பொருள் எதையும் கொண்டுபோய் வைக்காதீர்கள். குடிலில் இருப்பதை எடுக்கவும் வேண்டாம். ஒலிப்பதிவை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடுவதும் தவறு. காரணம் அடுத்த பகுதியில் புரியும்: அங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த ஆணைப் பற்றிப் பெண்ணுக்கு ஏதோ ஒரு செய்தி சொல்கிறது. நாம் கை வைத்தால் செய்தி பொய்யாகிவிடும்.

4. பெண் வராத நேரத்தில் ஆணைப் பாருங்கள்

காலையில் போய் உட்கார்ந்தால், பெரும்பாலான நேரம் பெண் வராது. சலிக்காதீர்கள். இந்த நேரத்தில் பார்க்க நிறைய இருக்கிறது.

ஆண் குச்சிகளை எடுத்து எடுத்து மறுபடி செருகும். இலைதழையை மென்று எச்சிலோடு குழைத்துச் சந்தின் உட்புறச் சுவரில் பூசும். கரித்துண்டையும் சில நேரம் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பூச்சு காய்ந்து உதிரும், மழையில் கரையும், திரும்பப் பூச வேண்டியிருக்கும். அலங்காரப் பொருள்களை அலகால் நகர்த்தி வைக்கும். நீலத்தோடு மஞ்சள் பூ, மஞ்சள் இலை, நத்தை ஓடு, சிள்வண்டு உரித்த தோல் ஆகியவையும் இருக்கும். சிவப்பு மட்டும் ஆகாது. சிவப்புப் பொருள் ஒன்று கிடந்தால் தூக்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை.

இந்த வெறுப்பை வைத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். சிவப்புப் பொருள்களைக் குடிலருகே வைத்து அவற்றின் மேல் ஒளிபுகும் டப்பாவைக் கவிழ்த்தார்கள். டப்பாவைத் தள்ளிச் சிவப்பை அகற்றும் வழியைச் சில ஆண்கள் சீக்கிரம் கண்டுபிடித்தன, சில திணறின. சீக்கிரம் தீர்த்த ஆண்களுக்குத்தான் அதிக இணைகள் கிடைத்தன. இந்த முடிவு 2009-இல் வெளிவந்தது. அகற்றவே முடியாதபடி பொருத்திய சிவப்பு ஓட்டுத் துண்டை இலை சருகு போட்டு மூடிய ஆண்களும் உண்டு.

நியூ சவுத் வேல்ஸின் வாலபி க்ரீக் என்ற இடத்தில் ஆராய்ச்சியாளர் ஜெரால்ட் போர்ஜியாவும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் குடில்களுக்கு முன் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த உழைப்பில் வந்தது. அண்டை ஆண்கள் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து நீல இறகைத் திருடுவது, சுவரைப் பிரித்துப் போடுவது எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அலங்காரப் பொருள்களை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துவிட்டபோது ஆணுக்குக் கிடைக்கும் இணைகள் குறைந்தன. ஆக, காட்டில் எளிதில் கிடைக்காத நீலத்தைச் சேர்த்து, திருட்டிலிருந்து காத்து, சுவரையும் நிமிர்ந்து நிற்க வைத்திருக்கும் ஆண் வலுவானவன் என்று பெண்ணுக்குக் குடிலைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆண் விர்ரென்று வந்து எதையோ கவ்விக்கொண்டு ஓடினால், அவனே குடிலின் சொந்தக்காரனா என்று பாருங்கள். திருடன் அலங்காரத்தைத் தூக்கிக்கொண்டு போவான். சொந்தக்காரன் கொண்டுவந்து வைப்பான்.

5. பச்சைப் பறவை எல்லாம் பெண் அல்ல

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. வளர்ந்த ஆண் பளபளக்கும் கருநீலம், அலகு வெளிறியிருக்கும். பெண்ணுக்கு முதுகு ஆலிவ் பச்சை, வயிறு வெளிர் நிறத்தில் செதில் செதிலாக, அலகு கருமை. இரண்டுக்குமே கண் அழகான ஊதா நீலம்.

சிக்கல் என்னவென்றால், இளம் ஆண்களும் பச்சைதான். ஆணுக்கு முழுக் கருநீல இறகுகள் வர ஏழாம் ஆண்டு ஆகிவிடும். அதுவரை அவை பெரியவர்களின் குடிலுக்குப் போய்ச் சந்துக்குள் பெண்ணைப் போலவே நின்று ஆட்டத்தைப் பார்க்கும். தாங்களும் கூட்டாகக் கோணல்மாணலான குடில்களைக் கட்டிப் பழகும். பெரிய ஆணும் இந்த இளவட்டங்களுக்கு ஆடிக் காட்டுவது உண்டு. கற்றுக்கொள்ளும் காலம் இவ்வளவு நீளம் என்பதே இந்தக் கலை எளிதல்ல என்பதற்குச் சாட்சி.

பச்சைப் பறவை ஒன்று வந்தால் முதலில் அலகைப் பாருங்கள். வெளிற ஆரம்பித்திருந்தால் வளர்ந்துவரும் ஆணாக இருக்கலாம். பிறகு நடத்தையைப் பாருங்கள். குச்சியைத் தூக்கிச் செருகிப் பார்த்தாலும், ஆணைப் போல் ஆட முயன்றாலும் இளம் ஆண்தான். அமைதியாக வந்து, சந்துக்குள் நுழைந்து, சுவரில் பூசியதைக் கொத்திச் சுவைத்துப் பார்த்தால் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் உறுதியாகத் தெரியாவிட்டால் குறிப்பேட்டில் ‘பச்சைப் பறவை’ என்றே எழுதுங்கள். அவசரப்பட்டு எழுதும் ‘பெண்’ பின்னால் உங்களையே குழப்பும்.

6. பெண் வரும்போது

பெண்ணின் தேர்வு ஒரே வருகையில் முடிவதில்லை. முதலில் ஆண் இல்லாத நேரத்தில் குடில்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். அடுத்து, சில ஆண்களிடம் போய் ஆட்டம் பார்க்கும், இணைசேராமல் கிளம்பிவிடும். பிறகு சில நாள் காணாமல் போகும். அந்த நாள்களில்தான் கூடு கட்டுகிறது. கூடு கட்டி முடித்தபின், ஏற்கெனவே பார்த்தவற்றில் தேர்ந்த சில ஆண்களிடம் மட்டும் திரும்பி வந்து, கடைசியில் ஒன்றோடு சேரும். ஆகவே நீங்கள் பார்க்கும் வருகையில் பெண் பறந்துபோனால் ஆண் தோற்றுவிட்டான் என்று எழுதிவிடக் கூடாது. அது முதல் சுற்றாகவும் இருக்கலாம்.

ஆட்டத்தைப் பார்க்கும்போது பலரும் ஆணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மஞ்சள் இலையையோ நீல இறகையோ அலகில் கவ்விக்கொண்டு, இறகுகளைச் சிலிர்த்து, சிறகை விசிறி, மேடையில் குறுக்கும் நெடுக்கும் ஓடி, இயந்திரம் போல் கரகரத்து ஒலியெழுப்பும். நடுநடுவே கூக்கபரா குரல். பார்க்கக் கிட்டத்தட்ட சண்டைக்கு வருவது போலவே இருக்கும். ஆண்கள் ஒன்றையொன்று மிரட்டும் தோரணைக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு.

அதனால்தான் பைனாகுலரைப் பெண் பக்கம் திருப்பச் சொல்கிறேன். பெண் அவ்வளவு கிட்டத்தில் நின்று அந்த ஆவேசத்தைப் பார்க்கிறது. இருபுறமும் சுவர், பின்னால் திறந்த வழி. ஆண் பாய்ந்தாலும் அது தப்பிக்கலாம். பெண் அச்சமின்றி நின்று பார்ப்பதற்கான ஏற்பாடுதான் குடில் என்பது போர்ஜியாவின் விளக்கம். நேரில் பார்த்தால் அது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

பெண்ணின் உடலில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உடலைத் தாழ்த்திப் பதுங்குகிறதா? ஆண் வேகமெடுக்கும்போது துள்ளி விலகுகிறதா? விலகினாலும் சந்துக்குள்ளேயே நிற்கிறதா, வெளியே போய்விடுகிறதா? பதுங்குவது சம்மதத்தின் முன்னறிகுறி. பெண் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுதான் ஆணும் வேகத்தைக் கூட்டலாம். பெண் துள்ளினால் கெட்டிக்கார ஆண் சட்டென்று அடங்கிவிடும், புரியாத ஆண் அதே வேகத்தில் ஆடிப் பெண்ணை விரட்டிவிடும்.

இதைக் கெயில் பாட்ரிசெல்லி என்ற ஆராய்ச்சியாளர் ஒரு இயந்திரப் பெண் பறவையைச் செய்து சோதித்தார். பெண் பறவையின் தோலுக்குள் மோட்டார் பொருத்தி, பதுங்கவும் தலை திருப்பவும் வைத்துச் சந்தில் நிறுத்தினார். இயந்திரம் பதுங்கும் அளவைப் பார்த்து ஆண்கள் தங்கள் ஆவேசத்தைக் கூட்டின, குறைத்தன. இப்படிப் பார்த்து நடந்துகொள்வதில் தேர்ந்த ஆண்களுக்கு உண்மையான பெண்களிடமும் அதிக வெற்றி. 2002-இல் வெளிவந்த ஆய்வு. என்னைக் கேட்டால் நீலக் குவியலைவிட இதுதான் பெரிய வியப்பு.

எல்லாப் பெண்களும் ஒன்றையே பார்ப்பதும் இல்லை. 2004-இல் வந்த இன்னொரு ஆய்வில், இளம் பெண்கள் அலங்காரத்தைப் பார்த்துத் தேர்ந்தன, வயது கூடிய பெண்கள் ஆட்டத்தின் தீவிரத்தைப் பார்த்துத் தேர்ந்தன. ஆவேசமான ஆட்டம் இளம் பெண்களை மிரட்டிவிடுகிறது. பழகியவை மிரளாமல் நின்று பார்க்கின்றன. ஆண் குடிலையும் ஆட்டத்தையும் சேர்த்தே வளர்த்துக்கொள்ள வேண்டியிருப்பதன் காரணம் இங்கே இருக்கிறது.

சேர்வது சந்துக்குள்ளேயே, சில நொடிகளில் முடிந்துவிடும். கண் இமைத்தால் தவறிவிடும். அப்புறம் பெண் சிலிர்த்துக்கொண்டு கிளம்பிவிடும். ஆண் அடுத்த பெண்ணுக்காகக் குடிலைச் சரிசெய்ய ஆரம்பிக்கும். ஒரே பருவத்தில் சில ஆண்களோடு இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்வதுண்டு. பல ஆண்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்காது.

7. கூட்டைத் தேடாதீர்கள்

பெண் குச்சிகளால் ஆழமில்லாத கிண்ணம் போலக் கூடு கட்டி உள்ளே இலைகளைப் பரப்பும். பெரும்பாலும் இரண்டு முட்டை, சுமார் மூன்று வாரம் அடைகாப்பு, குஞ்சு கூட்டைவிட்டு இறங்க இன்னும் மூன்று வாரம். காவலுக்கு இன்னொரு பறவை இல்லை என்பதால், நாம் போய் அதை எழுப்பிவிட்டால் முட்டையும் குஞ்சும் அந்த நேரத்தில் அனாதைதான். தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் விலகி நடந்துவிடுங்கள். பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் பட்டியல் போடும்போது கூடு, குடில் இரண்டின் துல்லியமான இடத்தையும் பொதுவில் எழுத வேண்டாம்.

அந்தப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வேலை. பால் பாட்டில், ஜூஸ் பாட்டில் மூடிகளின் கீழே இருக்கும் நீல வளையத்தைக் குப்பையில் போடும் முன் கத்தரியுங்கள். ஆண் அதை ஆசையாக எடுத்துப்போகும். தலையிலோ அலகிலோ மாட்டிக்கொண்டால் உண்ண முடியாமல் சாகும். ஒரு வெட்டு போதும்.

8. அடுத்து எதைப் பார்க்கலாம்

லாமிங்டனிலேயே கறுப்பும் பொன்னுமான ரீஜென்ட் பவர்பேர்ட் கிடைக்கும். பறவை கண்கொள்ளாக் காட்சி. அதன் குடில் சிறியது, சில நாள்தான் நிற்கும். குடிலைத் தேடி நேரம் செலவிடாதீர்கள்.

வடக்கே டவுன்ஸ்வில், டார்வின் போன்ற ஊர்களில் கிரேட் பவர்பேர்ட் தோட்டங்களிலும் பள்ளி வளாகங்களிலுமே குடில் கட்டும். வெளுத்த எலும்பு, நத்தை ஓடு, கூழாங்கல் என்று சாம்பலும் வெள்ளையுமாகப் பரப்பும். அருகில் சிறியவை, தொலைவில் பெரியவை என்று அடுக்குவதால் சந்துக்குள் நிற்கும் பெண்ணின் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். ஆராய்ச்சியாளர் ஜான் எண்ட்லரின் குழு வரிசையை மாற்றி வைத்துப் பார்த்தது. மூன்று நாளில் ஆண்கள் பெருமளவு பழையபடி மாற்றிவிட்டன. இங்கே நீங்கள் நின்றபடி பார்த்தால் எதுவும் புரியாது. தூரத்திலிருந்து, சந்துக்கு நேர்பின்னால், தரையோடு தாழ்ந்து பைனாகுலரில் பாருங்கள்.

வட குயின்ஸ்லாந்தின் அதர்டன் பீடபூமியில் இரண்டு வேறு வகை. பல் அலகுப் பவர்பேர்ட் குடிலே கட்டாமல் தரையைச் சுத்தம் செய்து, இலைகளை வெட்டி வெளிறிய அடிப்புறம் மேலே தெரியக் கவிழ்த்துப் பரப்பும், வாடினால் மாற்றும். பொன்னிறப் பவர்பேர்ட் உருவத்தில் சிறியது, ஆனால் இளமரத் தண்டைச் சுற்றி அது அடுக்கும் குச்சிக் கோபுரம் சில நேரம் ஆளுயரத்தையும் தாண்டும். ஹிப்பிபமி மலைத் தேசியப் பூங்காவில் தேடலாம்.

கடைசியாக, இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவாவில் உள்ள அர்ஃபாக் மலைகளின் ஃபோகெல்கோப் பவர்பேர்ட். ஆணும் பெண்ணும் வெறும் பழுப்பு. அந்தப் பழுப்பு ஆண் கூரை வேய்ந்த குடிசையே கட்டி, முன்முற்றத்தில் பூ, பழம், வண்டின் சிறகு என்று நிறம் நிறமாகப் பிரித்துக் குவிக்கும். மனோக்வாரி நகரிலிருந்து மலையூர்களுக்குப் போய், அங்குள்ள வழிகாட்டிகளோடு செங்குத்தான காட்டில் ஏற வேண்டும். அவர்கள் அமைத்திருக்கும் மறைவிடத்தில் விடியும் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். சாட்டின் பவர்பேர்டிடம் ஒரு பருவம் பழகிய பிறகு அங்கே போங்கள். பெண் வந்து நிற்கும் சில நிமிடங்களில் எதைப் பார்ப்பது என்று கண் தானாகத் தேடும்.